அலெஃப் தாண்டாத அகராதி

அவைக்கு வணக்கம். யித்திஷ் மொழிபெயர்ப்பிலும் ஆய்விலும் இசையிலும் இறங்கும் புதியவருக்கு மூத்தவர் ஒருவரை வழிகாட்டியாக அமைப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஓர் அகராதியிலிருந்து தொடங்குகிறேன். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷுக்கு 1961இல் ஒரு பேரகராதி வெளிவரத் தொடங்கியது. 1980இல் நான்காம் தொகுதியோடு நின்றுபோனது. அந்த நான்கு தடித்த தொகுதிகளில் முடிந்தது எவ்வளவு தெரியுமா? முதல் எழுத்தான அலெஃப் மட்டும். உயிரொலியில் தொடங்கும் சொற்களும் முன்னொட்டு வினைகள் பலவும் அந்த எழுத்துக்குள் வருவதால் அது சின்னப் பங்கு இல்லை. ஆனாலும் மிச்சம் மிச்சம்தான். பிறகு 2013இல் ஒரு நல்ல யித்திஷ்-ஆங்கில அகராதியும் 2016இல் ஓர் ஆங்கில-யித்திஷ் அகராதியும் வந்தன. பின்னதின் அட்டையில் ஷெக்டர்-விஸ்வநாத் என்ற பெயரைப் பார்த்து நம்மவர்கள் புருவம் உயர்த்துவது உண்டு. பொருள் தேடுவோர் இன்று தவிக்க வேண்டியதில்லை.

தவிப்பு வேறு இடத்தில். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பேசிய மொழி இது. நாஜிகள் கொன்ற அறுபது லட்சம் யூதர்களில் பெரும்பாலானோர் யித்திஷ்காரர்கள். புத்தகங்கள் தப்பின. மாசசூசெட்ஸில் ஆரன் லான்ஸ்கி 1980இல் தொடங்கிய யித்திஷ் நூல் மையம் பத்து லட்சத்துக்கு மேல் பிரதிகளைக் காப்பாற்றியது. ஆயிரக்கணக்கான நூல்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். தப்பாமல் போனது கிழக்கு ஐரோப்பாவின் கடைத்தெருவும் அடுப்படியும் கல்யாண வீடும். எந்தச் சொல்லை யார் யாரிடம் எந்தத் தொனியில் சொல்வார்கள் என்ற காது அங்கேதான் இருந்தது. வழிகாட்டியிடம் வாங்க வேண்டியது அந்தக் காதை. இலக்கணம் படிக்க அவரிடம் போனால் இருவருக்கும் நேரம் வீண்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. வார்சாவில் செக்லானா தெரு முதல் எண் வீட்டில் யித்திஷ் எழுத்தாளர் பெரெட்ஸைப் பார்க்க இளம் எழுத்தாளர்கள் கையெழுத்துப் பிரதியோடு வந்துகொண்டே இருந்தார்கள். ஹீப்ருவில் எழுதிப் பார்த்த ஷோலெம் ஆஷை யித்திஷில் எழுதச் சொன்னவர் அவர்தான். வில்னாவில் 1925இல் வேர்விட்ட யிவோ ஆய்வு நிறுவனம் இதையே 1935இல் முறைப்படுத்தி 'ஆஸ்பிரான்டூர்' என்று பெயரிட்டது: ஆளுக்கு ஓர் ஆய்வுப்பொருள், தலைக்கு மேல் ஒரு மூத்தவர். யிவோ 1940இல் நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்தது.

மொழிபெயர்ப்பாளரிடம் வருவோம். புதியவர் முதலில் சறுக்கும் இடம் 'ரெப்' என்ற சொல். ரெப் மெண்டல் என்று கண்டதும் அவரை மதகுருவாக்கிவிடுவார். 'ரெப்' என்பது வெறும் 'திரு'. 'ரோவ்' என்றால் ஊரின் சமயத் தீர்ப்பு சொல்பவர். 'ரெபே' என்றால் ஹசிதியர் என்ற யூத பக்திப் பிரிவினரின் குரு. மூன்றையும் ஒன்றாக்கினால், கதையில் வரும் மாட்டுத் தரகர்கூட மதகுருவாகிவிடுவார்! அதேபோல சாதாரண நூலான 'புக்' வேறு, சமய நூலான 'செய்ஃபர்' வேறு. கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடுவது செய்ஃபர். நாவல் ஒருநாளும் செய்ஃபர் ஆகாது. 'டூ', 'இர்' என்ற நீ-நீங்கள் பேதம் ஆங்கிலத்தில் காணாமல் போகும். தமிழில் செய்பவருக்கு அது கைமேல் கிடைத்த லாபம்.

வட்டார வழக்கு அடுத்த பள்ளம். 'கெஸுண்ட்' என்றால் ஆரோக்கியம், 'விண்ட்' என்றால் காற்று. ஏட்டில் எதுகை இயைபு ஒன்றும் இல்லை. போலந்து வழக்கிலோ 'உ' எல்லாம் 'இ' ஆகும். 'கெஸிண்ட்', 'விண்ட்' என்று கச்சிதமாக இயையும். கவிஞர் போலந்துக்காரர், வழிகாட்டி லித்துவேனிய வழக்குக்காரர் என்றால், பாட்டு தப்பு என்று வழிகாட்டியும் மாணவரும் நினைத்துவிடலாம். ஆகவே ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் புகழைப் பார்க்காதீர்கள், எந்த வழக்கு என்று கேளுங்கள்.

ஆய்வாளருக்கு வேண்டியது கண். அச்செழுத்தைச் சரளமாகப் படிப்பவரும் பழைய கடிதத்தின் கையெழுத்தைக் கண்டால் திகைப்பார், எழுத்துருவே வேறு. ஹீப்ருவிலிருந்து வந்த 'எமெஸ்' என்ற சொல், அதாவது உண்மை, மரபில் அலெஃப்-மெம்-தாவ் என்று எழுதப்படும். சோவியத் அச்சில் ஒலித்தபடியே எழுதினார்கள். இதை அறியாமல் தேடுபொறியில் ஒரே வடிவத்தை இட்டால் பாதி ஆவணங்கள் அகப்படாது.

இசைக்கு வந்தால் பேச்சு நீளும். யூதக் கல்யாண வாத்திய இசையான கிளெஸ்மரின் உயிர் 'கிரெக்ட்ஸ்' என்ற விசும்பல். வயலினில் சுரம் முடியும் இடத்தில் மேல்விரல் ஒன்று கம்பியை ஒரு கணம் தொட்டு விலகும். ஒலி தொண்டையில் சிக்கியதுபோல் அறுபடும். அதைத் தாளில் எழுத முடியாது. பழைய பதிவை சுருதி மாறாமல் பாதி வேகத்துக்கு இறக்கி, நான்கே தாளச் சுற்றுகளை இருபது முறை கேட்டு, முதலில் வாயால் பாட வேண்டும். பிறகுதான் கருவி. 'மிஷெபேரக்' சுரவரிசை நம் ஹேமவதி ராகம்தான், 'ஃப்ரைகிஷ்' சுரவரிசை வகுளாபரணம்தான். ஆனால் நம் கமகத்தை அதில் போட்டீர்களோ, போச்சு.

இசைத்தட்டையே வேதமாகக் கொள்வதும் ஆபத்து. பத்தங்குலத் தட்டில் மூன்று நிமிடமே அடங்கும். ஆகவே பாட்டைக் குறுக்கி வாசித்தார்கள். 1925க்கு முந்தைய குழல்வழிப் பதிவில் பெரிய முரசும் தாழ்சுரக் கருவியும் சரியாக விழவில்லை. தட்டில் இல்லை என்பதற்காகக் கல்யாணத்தில் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. வேகமும் அப்படித்தான். ஆட்டக்காரர்கள் எதிரில் இல்லாமல் வாசித்தால் வேகம் தானே ஏறிவிடும். நல்ல வழிகாட்டி மாணவரை நான்கு ஜோடிகள் ஆடும் 'ஷேர்' நடனத்தில் இறக்கிவிடுவார். மூச்சு வாங்கும்போது வேகம் புரியும். 'ஜோக்' என்ற மெதுநடைக்கு மூன்று தட்டு. பக்கவாத்தியம் முதலிலும் மூன்றிலும் விழ, நடுத்தட்டு சும்மா இருக்க வேண்டும். அங்கே தட்டினால் நொண்டிநடை வால்ட்ஸ் ஆகிவிடும்.

ஏற்பாட்டை எப்படி வைப்பது? எங்கள் பரிந்துரை: பத்து மாதம், இரு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம். இருபது சந்திப்புகள் கிடைக்கும். மொழிபெயர்ப்பாளர் ஆறு பக்கத்தை நான்கு நாள் முன்னதாக அனுப்ப வேண்டும், மூன்று நிறக் குறிகளோடு: தெரியாத சொல்லுக்கு ஒன்று, பொருள் தெரிந்தும் தொனி பிடிபடாத சொல்லுக்கு ஒன்று, ஊகித்து எழுதிய இடத்துக்கு ஒன்று. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறைக்கிறார்கள், தவறுகள் கூடு கட்டுவதும் அங்கேதான். முதல் அரைமணி மூலத்தை வாய்விட்டுப் படிப்பதற்கு. இதைத் தவிர்க்கவே கூடாது. வழிகாட்டி குறி போடலாம். ஒரு பத்திக்கு மேல் திருத்தி எழுதக் கூடாது. எழுதினால் பத்தாம் மாதம் கையில் இருப்பது அவருடைய மொழிபெயர்ப்பு.

ஊதியத்தை முதல் நாளே பேசி எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் மூத்தவர்கள் குறைவு, எல்லோரும் அதே நாலைந்து பேரையே கேட்கிறார்கள். ஓர் ஆண்டில் இருவருக்கு மேல் ஏற்பவரிடம் காத்திருப்புதான் மிஞ்சும். அந்த நாலைந்து பேருக்கு வெளியேயும் காது உண்டு: புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க்கிலும் ஜெருசலேமிலும் ஆன்ட்வெர்ப்பிலும் ஹசிதியர்கள் இன்றும் இதே மொழியில் காய்கறி பேரம் பேசுகிறார்கள். கலைவட்டம் அவர்களை 'இலக்கணம் சிதைந்தவர்கள்' என்று ஒதுக்குவது சுத்த மடத்தனம்.

உக்ரைனில் பிறந்த கிளாரினெட் மேதை டேவ் தாராஸ் முதுமையில் ஆண்டி ஸ்டாட்மன் என்ற இளைஞருக்குத் தம் வாசிப்பைக் கொடுத்தார். அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலை விருது தாராஸுக்கு 1984இல் கிடைத்தது. அதே விருது 2012இல் ஸ்டாட்மனுக்கு.