புது ரவுட்டர் வந்தாச்சு, ஆனால் அந்த டபிள்யூபிஎஸ் பட்டன்!

வணக்கம் நண்பர்களே! புது ரவுட்டர் வந்தாச்சு, மாட்டியாச்சு, இந்த வீடியோகூட அது வழியாகத்தான் அப்லோட் ஆகப் போகிறது. பழையதை ஏன் கழற்றினேன் என்று போன வீடியோவிலேயே சொல்லிவிட்டேன். அந்த மாடலுக்கு இனி அப்டேட் கிடையாது என்று தயாரித்தவர்களே அறிவித்துவிட்டார்கள். அப்டேட் நின்றுபோன ரவுட்டரை நான் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டேன், உங்களுக்கே தெரியும்.

ஆசையாகப் பெட்டியைத் திறந்தேன். கையேடு இல்லை. ஒரு சின்ன அட்டை, அதில் ஒரு கியூஆர் கோடு, அவ்வளவுதான். ஸ்கேன் செய்தால் ஆப்பை இறக்கச் சொல்கிறது. ஆப்பைத் திறந்தால் கணக்கு தொடங்கு, மின்னஞ்சல் கொடு என்கிறது. இருப்பிட அனுமதி கேட்டதைக்கூட விட்டுவிடலாம், ஆண்ட்ராய்டில் பக்கத்தில் உள்ள வைஃபையைத் தேட அந்த அனுமதி தேவைப்படும். ஆனால் என் வீட்டு வைஃபைக்குப் பெயர் வைக்க வேறொருவர் சர்வரில் எனக்கு எதற்குக் கணக்கு? அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் எங்காவது கசிந்தால் ரவுட்டரும் சேர்ந்தே போய்விடுமே! எனக்கு இது துளியும் பிடிக்கவில்லை. ஆப்பை அழித்துவிட்டு நம் வழக்கமான வழிக்கே வந்துவிட்டேன்: லேப்டாப், ஈதர்நெட் கேபிள், பிரவுசர்.

கேபிளின் ஒரு முனை லேப்டாப்பில், மறுமுனை லேன் என்று எழுதியிருக்கும் போர்ட்களில் ஏதாவது ஒன்றில். தனி நிறத்தில் ஒன்று இருக்கும், அதில் செருக வேண்டாம், அது வீட்டுக்கு இன்டர்நெட்டைக் கொண்டுவரும் மோடத்துக்கு. ரவுட்டரைத் தலைகீழாகத் திருப்பினால் ஸ்டிக்கரில் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. பிரவுசரில் அதை அடித்தால் செட்டிங்ஸ் பக்கம் வந்துவிடும். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் வரும், அந்தப் பக்கம் ரவுட்டருக்குள்ளேயேதான் இருக்கிறது.

கமெண்டில் நிறையப் பேர் குழம்பும் இடம் இது. இங்கே பாஸ்வேர்ட் இரண்டு. ஒன்று வைஃபையில் சேர, மற்றொன்று இந்தச் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழைய. முதலாவதை வீட்டுக்கு வருபவருக்குத் தரலாம், இரண்டாவது உங்களோடு இருக்கட்டும். ஸ்டிக்கரில் 'அட்மின், அட்மின்' என்று இருந்தால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்றொரு வைரஸ் பரவியது. அது பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. தயாரிப்பவர்கள் வைத்து அனுப்பும் 60 சொச்சம் லாகின் ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அதிலேயே லட்சக்கணக்கான கேமராக்களும் ரவுட்டர்களும் அதன் பிடிக்குள் போயின. அந்த அக்டோபரில் தளங்களின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை அவற்றைக் கொண்டு தாக்கினார்கள், ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் தடுமாறின. இப்படி எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்து விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரல் முதல் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. எல்லா நாட்டிலும் இது வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இருங்கள், இதற்கு அடுத்து நான் செய்த ஒன்று விட்டுப்போகிறது. ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள். வைஃபைக்குப் பெயர் வைப்பதற்கும் முன்பே மோடத்தை இணைத்து அப்டேட் தேடினேன். பெட்டியில் வந்த பதிப்பு பழையது, புதிது தயாராக இருந்தது. பெட்டி எத்தனை காலம் கிடங்கில் கிடந்ததோ, அத்தனை காலத்து ஓட்டைகளும் அதோடு வீட்டுக்கு வரும். 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற வைரஸ் குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சம் ரவுட்டர்களையும் சேமிப்புப் பெட்டிகளையும் பிடித்தது. ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று எஃப்பிஐ பொதுமக்களையே கேட்டுக்கொண்டது. தானாக அப்டேட் ஆகும் வசதி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை ஆன் செய்துவிடுங்கள்.

சரி, வைஃபை பக்கம். பாதுகாப்பு என்ற இடத்தில் வைஃபையைப் பூட்டும் முறைகளின் பட்டியல் ஒன்று திறக்கும். டபிள்யூஇபி 2001-லேயே உடைந்துபோனது, அது இன்னும் பட்டியலில் இருந்தால் அந்த ரவுட்டரே வேண்டாம். டபிள்யூபிஏ2 வந்தது 2004-இல், டபிள்யூபிஏ3 2018-இல். எல்லாக் கருவியும் புதிதாக இருந்தால் டபிள்யூபிஏ3 மட்டும் போதும். எங்கள் வீட்டில் ஒரு பழைய டேப்லெட் அடம் பிடிக்கிறது, அதனால் இரண்டும் சேர்ந்த மோடில் வைத்திருக்கிறேன். டபிள்யூபிஏ2 வைப்பவர்கள் பக்கத்தில் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறை இருக்கிறதா என்று பாருங்கள். டிகேஐபி என்ற பழைய முறை இருந்தால் பாதுகாப்பும் போச்சு, வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. "புது ரவுட்டர், ஆனாலும் ஸ்லோ" என்று எழுதுகிறவர்களில் சிலருக்காவது இதுதான் காரணமாக இருக்கும்.

இப்போது பாஸ்வேர்ட். டபிள்யூபிஏ2-வில் வாசலில் நிற்கும் ஒருவர், உங்கள் போன் ரவுட்டரோடு சேரும் அந்த ஒரு நொடிப் பேச்சைப் பதிவு செய்துகொண்டால் போதும். அதை வீட்டுக்கு எடுத்துப்போய், கம்ப்யூட்டரை ஓடவிட்டு, கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கலாம். நமக்குத் தெரியவே தெரியாது. டபிள்யூபிஏ3-இல் அது முடியாது, ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரிடமே வந்து கேட்டாக வேண்டும். எனக்கு டபிள்யூபிஏ3 இவ்வளவு பிடிக்க இதுதான் காரணம். நான் இரண்டும் சேர்ந்த மோடில் இருப்பதால் பாஸ்வேர்ட் நீளமாகவே வேண்டும். 8 முதல் 63 எழுத்து வரை இடம் இருக்கிறது, எதற்கு எட்டோடு நிறுத்த வேண்டும்? ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத ஐந்தாறு சொற்கள், நடுவில் கோடு போட்டு. தமிழ்ச் சொல்லாக இருந்தாலும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டியிருக்கும். ஒரு முறை உதாரணத்துக்கு நான் சொன்னதையே சிலர் அப்படியே வைத்துக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். அதனால் இன்று உதாரணம் கிடையாது.

பெயரையும் மாற்றுங்கள். டபிள்யூபிஏ2-வில் வைஃபையின் பெயர் பாஸ்வேர்டோடு கலந்து 4096 சுற்று அரைபட்டுத்தான் உள்ளே சாவியாகிறது. எல்லாரும் வைத்திருக்கும் பெயர் என்றால் அந்தப் பெயருக்கான பட்டியலை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். வேறெங்கும் இல்லாத பெயராக இருக்கட்டும். உங்கள் பெயரோ வீட்டு எண்ணோ அதில் வேண்டாம்.

இனி, இந்த வீடியோவை எடுக்கவே காரணமான விஷயத்துக்கு வருகிறேன். டபிள்யூபிஎஸ்! ஒரு பட்டனை அழுத்தினால் பாஸ்வேர்ட் இல்லாமலே கருவி சேர்ந்துகொள்ளும் வசதி. அந்த பட்டனோடு 8 இலக்க ரகசிய எண், அதாவது பின் எண், ஒன்றும் கூடவே வந்தது, சிக்கல் அங்கேதான். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி என்று நினைப்போம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது, அதனால் ஏழுதான் கணக்கு. அந்த ஏழையும் ரவுட்டர் ஒன்றாகப் பார்ப்பதில்லை. முதல் நான்கு சரியா தவறா என்று தனியாகவே சொல்லிவிடுகிறது. ஆக 10,000, அப்புறம் மிச்ச மூன்றுக்கு 1,000. மொத்தமே 11,000 ஊகம்! 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபோக் என்ற ஆய்வாளர் இதை வெளியிட்டார். சில மணி நேரத்தில் முடிகிற வேலை. பின் எண் கிடைத்ததும் ரவுட்டரே வைஃபை பாஸ்வேர்டை எடுத்துக் கொடுத்துவிடும், நீங்கள் 63 எழுத்து வைத்திருந்தாலும் சரி. பிறகு வந்த ரவுட்டர்கள் தப்பான பின் எண் தொடர்ந்து வந்தால் பூட்டிக்கொள்கின்றன, உண்மைதான். ஆனாலும் இத்தனை ஆண்டுக்குப் பிறகு பெட்டியிலிருந்து எடுக்கும்போதே இது ஆனாகவா வர வேண்டும்?

வயர்லெஸ் மெனுவுக்குள் போய், டபிள்யூபிஎஸ் பக்கத்தைத் திறந்து, பச்சையாக இருந்ததைச் சாம்பலாக்கி, சேவ் கொடுத்தேன். என் பழக்கம் தெரியுமே, ரவுட்டர் சொல்வதை நான் அப்படியே நம்புவதில்லை. போனில் வைஃபை ஸ்கேன் செய்யும் ஆப்பைத் திறந்தேன். அதில் ஒவ்வொரு பெயருக்குக் கீழும் அது எந்தெந்த வசதியை அறிவிக்கிறது என்று சின்ன அடைப்புக்குறிகளில் காட்டும். என் ரவுட்டர் 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் வைஃபை தருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. 5 கிகாஹெர்ட்ஸ் வரியில் டபிள்யூபிஎஸ் இல்லை. 2.4 வரியில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது!

மறுபடி செட்டிங்ஸ். சாம்பலாகத்தான் இருக்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டேன். ஸ்கேன், அப்போதும் இருக்கிறது. பிறகு அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் பார்த்தேன். வலது மூலையில் வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்தில் '5' என்று இருக்கிறது, பக்கத்தில் அதைவிட வெளிர்ந்த '2.4'. அதைத் தொட்டால் அதே பக்கம் மறுபடி திறக்கிறது, அங்கே பட்டன் பச்சையாகச் சிரிக்கிறது. இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனி ஸ்விட்ச்! கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒளித்து வைத்தால் வாங்கியவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அணைத்தேன், சேவ் கொடுத்தேன், வைஃபை விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது, ஸ்கேன் செய்தேன், அந்த மூன்றெழுத்து போயே போச்சு. அப்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே, எழுந்து நின்று கைதட்டினேன்! அந்த ஸ்க்ரீன்ஷாட்டை ஓரத்தில் போடுகிறேன், பாருங்கள். உங்கள் ரவுட்டரிலும் இரண்டு வரியையும் தனித்தனியாகப் பார்க்காமல் விடாதீர்கள். வீட்டுக்கு வருபவர்களுக்கென்று ரவுட்டர் தனியாகத் தரும் விருந்தினர் நெட்வொர்க் ஸ்கேனில் தனி வரியாக வரும், அதையும் பாருங்கள்.

விருந்தினர் நெட்வொர்க் என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்மார்ட் பிளக், பல்பு, கேமரா எல்லாம் இப்போது அதில்தான். அங்கே இருப்பவற்றால் என் லேப்டாப்பைத் தொட முடியாது, இன்டர்நெட் மட்டும் கிடைக்கும். இவற்றில் பலவும் 2.4-ஐத் தவிர எதையும் அறியாதவை, அதனால் அங்கே 2.4, டபிள்யூபிஏ2. பிரிண்டரையும் அங்கே தள்ளினால் லேப்டாப்பிலிருந்து பிரிண்ட் போகாது, அதே தடுப்புதான் காரணம். நான் பிரிண்டரைக் கேபிளில் ரவுட்டரோடு சேர்த்துவிட்டேன். பிரச்சினையே முடிந்தது. எனக்குக் கேபிள் பிடிக்கும், எப்போதும் பிடிக்கும்.

பெயரை மறைத்து வைக்கலாமே என்று இந்த முறையும் கேட்பீர்கள். வேண்டாம். மறைத்த பெயரைத் தேடி உங்கள் போனே போகிற இடமெல்லாம் அதைக் கூவிக்கொண்டு திரியும். ஒவ்வொரு கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரியை வைத்து வடிகட்டுவதும் அப்படியே: அந்த முகவரி காற்றில் மறைக்கப்படாமல் போகிறது, கேட்பவர் காப்பியடித்துக்கொள்வார். தவிர, 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-உம் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-உம் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி முகவரி காட்டுகின்றன, உங்கள் போனையே ரவுட்டர் அடையாளம் தெரியாமல் தடுத்துவிடும்.

வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் வசதியை அணையுங்கள். யுபிஎன்பி-யையும் அணைத்துவிட்டேன், உள்ளே இருக்கும் எந்தக் கருவியும் என்னைக் கேட்காமல் வெளியே கதவு திறப்பது எனக்கு ஒத்துவராது. கேம் ஆடுபவர்களுக்கு அது தேவைப்படலாம், அவர்கள் தேவையான கதவை, செட்டிங்ஸில் போர்ட் என்று வரும், அதை மட்டும் கையால் திறந்துகொள்ளலாம். 2.4-இல் சேனல், அதாவது அந்த அலைவரிசைக்குள் வைஃபை பேசும் பாதை, 1, 6, 11 இவற்றில் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். போதும்.

அட, பழைய ரவுட்டர்! யாருக்காவது கொடுப்பதற்கு முன், கழிவில் போடுவதற்கு முன்னும்தான், அதை ரீசெட் செய்யுங்கள். உங்கள் வைஃபை பாஸ்வேர்டும் இன்டர்நெட் இணைப்பின் லாகினும் அதற்குள் அப்படியே இருக்கும். மின்சாரத்தில் செருகி, பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியால் 10 வினாடி அழுத்திப் பிடியுங்கள், விளக்கெல்லாம் ஒருமுறை மின்னும். கேபிளைச் செருகி செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஸ்டிக்கரில் இருக்கும் பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டாலோ, புதிதாக ஒன்று வைக்கச் சொன்னாலோ அழிந்துவிட்டது. மோடமே ஒரு ரவுட்டராகவும் இருந்தால் என்ன செய்வது, பிரிட்ஜ் மோட் எப்படி என்பதெல்லாம் அடுத்த வீடியோவில். வரட்டுமா!