ஈர மணலில் ஓர் உப்புப் பசி

தருமபுரி வானொலி நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற இந்த நாட்களில் காட்டுப் பக்கம் எவன் போவான் என்று தோன்றும். ஆனால் வண்ணத்துப்பூச்சிகள் தரையில் கூட்டமாக உட்காருவதைப் பார்க்க வேண்டுமானால் இப்போதுதான் போக வேண்டும். சின்னாறு மாதிரியான காட்டாறுகள் வற்றி, மணலில் அங்கங்கே ஈரம் மட்டும் மிஞ்சியிருக்கும். அஞ்செட்டிப் பக்கத்து ஓடைகளிலும் அப்படித்தான். வெயில் ஏறியதும் அந்த ஈரத்தில் கொன்னை வெள்ளையன் என்கிற வண்ணத்துப்பூச்சிகள் இறக்கையை மூடிக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். நடுவே ஓர் எலுமிச்சை அழகியும் இருக்கலாம்.

பாவம், தாகம் என்போம். வெறும் தாகம் இல்லை. அவை தேடி வருவது உப்பு.

ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். இலைதழை தின்கிற உயிருக்கு உப்பு போதாது. வண்ணத்துப்பூச்சி புழுவாக இருந்தபோது தின்றதும் இலைதான். இலையில் சோடியம் மிகக் குறைவு. இறக்கை முளைத்த பிறகு குடிக்கிற தேனிலும் சர்க்கரைதான் அதிகம். பறக்கத் தசை வேண்டும், தசை வேலை செய்ய சோடியம் வேண்டும். அதனால்தான் ஈர மண்ணுக்கும், மாடோ யானையோ சிறுநீர் கழித்த இடத்துக்கும், புதுச் சாணத்துக்கும் வருகிறது. வியர்த்த கையில்கூட வந்து உட்காரும்.

சத்தமில்லாமல் குத்தவைத்து உட்கார்ந்து ஒன்றை மட்டும் கவனியுங்கள். தலைக்கடியில் சுருட்டி வைத்திருக்கும் உறிஞ்சுகுழலை நீட்டி மணலில் ஊன்றும். கொஞ்ச நேரத்தில் வயிற்று நுனியிலிருந்து தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக வெளியே வரும். உறிஞ்சிய நீரில் உப்பை உடம்பில் நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைத் தள்ளிவிடுகிறது. இவ்வளவு சின்ன உடம்புக்குள் நடக்கிற இந்த வடிகட்டல் எனக்கு இன்னும் வியப்புதான்.

இன்னொரு விஷயம். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் ஆண்களே. பல இனங்களில் ஆண் சேர்த்த உப்பு, இணைசேரும்போது விந்துப் பையோடு பெண்ணுக்குப் போகிறது. பெண்ணிடமிருந்து முட்டைக்கும் போகிறது. அடுத்த தலைமுறைக்கான சத்தில் ஒரு பங்கு அந்த ஓடைக்கரையில்தான் சேருகிறது.

அதனால்தான் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஓடையைக் கடக்கும்போது பூச்சிகள் உட்கார்ந்திருக்கும் ஈரத்தின் மேல் வண்டியை ஏற்றாதீர்கள். ஒகேனக்கல் வருபவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது பழைய வழக்கம், சரி. ஆனால் ஷாம்பு பாக்கெட்டையும் சோப்பு நுரையையும் பக்கத்துச் சிற்றோடைகளுக்குக் கொண்டு போக வேண்டாம். பார்க்கப் போகிறவர்கள் உங்கள் நிழல் அவற்றின் மேல் விழாதபடி நில்லுங்கள். நிழல் பட்டால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும்.

காடு வரை போக முடியாதவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அகலமான மண் தட்டில் தோட்டத்து மண்ணும் மணலும் பரப்பி, ஒரு சிட்டிகை கல்லுப்பு கரைத்த தண்ணீர் தெளித்து, பூச்செடிக்குப் பக்கத்தில் வெயில் படும்படி வையுங்கள். தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது, ஈரம் மட்டும் போதும். காயக் காய வெறும் தண்ணீரைத் தெளித்தால் போதும், உப்பைத் திரும்பத் திரும்பச் சேர்க்க வேண்டாம்.

நன்றி, வணக்கம்.