மவுண்ட் கென்யா போறீங்களா? டிக்கெட்டுக்கு முன்னாடி ஊசி!

வணக்கம் மக்களே. இப்ப நான் சென்னை கிண்டியில, கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்துல ஒரு மரத்தடியில நிக்கறேன். இன்னைக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி எனக்கில்ல, என் தம்பிக்கு. நான் போன வருஷம் ஏறிட்டு வந்த மவுண்ட் கென்யாவுக்கு அடுத்த மாசம் அவன் கிளம்பறான். ஊசி போட்டுட்டு அரை மணி நேரம் உள்ள உக்கார வச்சிருக்காங்க. அவன் வெளிய வர்றதுக்குள்ள உங்ககிட்ட கொஞ்சம் பேசிடறேன்.

இந்த ஊசின்னதும் எங்கம்மா, "காமாலைக்கா? கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தா போதாதா?"ன்னு கேட்டாங்க. நிறைய பேர் அப்படித்தான் நினைக்கறாங்க. இது வேற நோய் மக்களே, கொசு பரப்புற வைரஸ். நம்ம வீட்டுப் பூந்தொட்டித் தண்ணியில வளர்ற ஏடிஸ் கொசு, டெங்கு பரப்புதே, அதே கொசுவே இதையும் பரப்பும். கொசு இங்க இருக்கு, அந்த வைரஸ் மட்டும் இங்க இல்ல. ஒருத்தர் உடம்புல அது வந்து இறங்கிட்டா என்ன ஆகும்னு யோசிங்க. அதனாலதான் கென்யாவுல இருந்து ஊசி போட்ட சர்ட்டிஃபிகேட் இல்லாம இந்தியா வந்தா, ஏர்போர்ட்லயே பிடிச்சு ஆறு நாள் வரைக்கும் தனியா வச்சுடுவாங்க.

நான் பண்ணின தப்பைச் சொல்லிடறேன். ஃப்ளைட்டுக்கு 12 நாள் இருக்கும்போதுதான் ஊசி போட ஒரு சென்டருக்குப் போனேன், அதுவும் பாஸ்போர்ட் ஜெராக்ஸோட. ஒரிஜினல் வேணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மருந்துக் குப்பியை ஒரு தடவை கலந்துட்டா சில மணி நேரத்துல தீர்த்தாகணும், அதனால தினமும் போட மாட்டாங்க, குறிச்ச நாள்லதான். அடுத்து ஊசி போடற நாள் கிடைச்சப்போ ஃப்ளைட்டுக்கு எட்டு நாள்தான் மிச்சம். சர்ட்டிஃபிகேட் செல்லுபடியாகறதே ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுத்தான்! டிக்கெட் தேதியை மாத்தினேன், நல்ல பணம் போச்சு. ஒரு நல்ல விஷயம், 2016 ஜூலையில இருந்து இந்த ஒரு ஊசியே ஆயுசுக்கும் செல்லும். முன்ன பத்து வருஷத்துக்கு ஒரு தடவை போடணும்.

இது உயிருள்ள, வீரியம் குறைச்ச வைரஸ்ல செஞ்ச மருந்து. முட்டை அலர்ஜி, கர்ப்பம், எதிர்ப்பு சக்தி குறைவு, 60 வயசு தாண்டினவங்க, யாரா இருந்தாலும் மறைக்காம டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் இதெல்லாம் பாக்கி இருந்தா அதையும் அவர்கிட்டயே கேட்டு முடிச்சுடுங்க.

மலை இறங்கி, வனவிலங்கு பாக்க மசாய் மாரா சரணாலயம் பக்கம் போனா மலேரியா இருக்கு. அதுக்கு மாத்திரைதான். எனக்கு டாக்டர் டாக்ஸிசைக்ளின் குடுத்தாரு. போறதுக்கு ரெண்டு நாள் முன்ன ஆரம்பிச்சு, திரும்பி வந்தும் நாலு வாரம் தினமும் போடணும். சாப்பிட்டு, ஒரு டம்ளர் தண்ணி நிறையக் குடிச்சு முழுங்கணும், உடனே படுக்கக்கூடாது. வீட்டுக்கு வந்தாச்சேன்னு பாதியில நிறுத்தாதீங்க மக்களே, கெஞ்சிக் கேக்கறேன். வந்து மாசக்கணக்குல கழிச்சு காய்ச்சல் வந்தாலும் டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா "ஆப்பிரிக்கா போயிட்டு வந்தேன்"னு சொல்லுங்க.

ஊசியே இல்லாத ஒண்ணு இருக்கு. மலை உயரத்துல வர்ற நோய். சிரிமோன் பாதையில ஓல்ட் மோசஸ் கேம்ப் 3,300 மீட்டர், அடுத்தது ஷிப்டன்ஸ் கேம்ப் 4,200. ஒரே நாள்ல 900 மீட்டர்! 3,000 மீட்டருக்கு மேல தூங்கற இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏறக்கூடாதுன்னு சொல்வாங்க. ஷிப்டன்ஸ்ல அன்னைக்கு ராத்திரி பின்மண்டையில யாரோ சுத்தியால தட்டுற மாதிரி வலி. சூப்பை வாய்கிட்ட கொண்டுபோனாலே குமட்டல். கைடு அண்ணன் டார்ச்சோட வந்து பக்கத்துல உக்காந்தாரு. என் பேரைக் கேட்டாரு, நேரா பத்து அடி நடக்கச் சொன்னாரு. தள்ளாடாம நடந்தேன். "நாளைக்கு ஏறல, இங்கயே ஓய்வு"ன்னுட்டாரு. தள்ளாடியிருந்தா அந்த இருட்டுலயே கீழ இறக்கியிருப்பாரு. அந்த ஒரு நாள் ஓய்வுதான் என்னை லெனானா உச்சிக்கு, 4,985 மீட்டருக்குக் கூட்டிட்டுப் போச்சு. அதனால தம்பிக்கு ஒரு நாள் கூடவே சேர்த்து பிளான் போட்டிருக்கேன்.

இதோ வந்துட்டான். டேய், கார்டைக் காட்டுடா. மக்களே, கிட்டத்துல பாருங்க. ஊசி போட்ட தேதி, பேட்ச் நம்பர், டாக்டர் கையெழுத்து, சீல். பாஸ்போர்ட்டை எடு, நம்பரைப் படி... ஏழு, மூணு, ஒண்ணு... ம், சரியா இருக்கு. பேர்ல எழுத்தும் சரி. பெட்டிக்குள்ள வைக்காத, பாஸ்போர்ட்டோடயே வச்சுக்கோ.