50 பிட் மேப், 5 லட்சம் பிட் வீடியோ: பழைய நோக்கியா என்800-இல் இரண்டையும் ஓட்டுவோம்

வணக்கம் மக்களே. கேமராவுக்குக் கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். இது நோக்கியா என்800, 2007 ஜனவரியில் அறிமுகமான கருவி. பார்த்தால் போன் மாதிரி இருக்கும், ஆனால் சிம் போட இடமே கிடையாது. டெபியன் என்ற லினக்ஸை ஒட்டி உருவாக்கிய மேமோ என்ற இயங்குதளம் இதில் ஓடுகிறது. திரை 800-க்கு 480 புள்ளி, ராம் 128 எம்பி. ஓமேப் 2420 பிராசஸர் முதலில் 330 மெகாஹெர்ட்ஸில் ஓடியது, அந்த இயங்குதளத்தின் ஓஎஸ்2008 பதிப்பைப் போட்டதும் 400 ஆனது. ஜிபிஎஸ் இதில் கிடையாது. அதே ஆண்டு கடைசியில் வந்த என்810-இல்தான் உள்ளேயே வைத்தார்கள். நாம் இதிலேயே வழிகாட்டியையும், வீட்டுக் கணினியிலிருந்து வீடியோவையும் ஓட்டப் போகிறோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் தன் தகவலை நொடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில் அனுப்புகிறது. நாம் பார்க்கப்போகும் சின்ன வீடியோவுக்கே நொடிக்கு 5 லட்சம் பிட் வேண்டும். அப்படியென்றால் மேப் சுலபம், வீடியோவுக்கு வைஃபைதான் திணறும் என்று தோன்றும். இரண்டிலுமே திணறல் உண்டு. ஆனால் அது வேறு இடத்தில்.

சரி, ஜிபிஎஸ். புளூடூத் ரிசீவர் ஒன்றை வாங்கி இணைத்தால் போதும். புளூடூத்திலேயே அமையும் சீரியல் போர்ட் வழியாக இடம், நேரம், வேகம் எல்லாம் வரி வரியாக எழுத்தில் வரும். முதல் தடவை ஆன் செய்தால் இடம் பிடிக்க நேரமாகும், அதற்காகக் கருவியைத் திட்டாதீர்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒரு முறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. நடுவில் ஒரு கட்டடமோ மரமோ மறைத்துத் துண்டு ஒன்று தவறினால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் வண்டியைக் கிளப்பும் முன் திறந்த வெளியில் ஓரிரு நிமிடம் அப்படியே நில்லுங்கள். இன்னொன்று: பழைய ரிசீவர் வாங்கினால் இடம் சரியாகவும் தேதி இருபது ஆண்டு பின்னாலும் காட்டலாம். ஜிபிஎஸ்ஸின் வார எண் 1024 வந்ததும் மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். கடைசியாக 2019 ஏப்ரலில் போனது. வழி காட்டுவதற்கு அது ஒன்றும் தடையில்லை.

மேப்புக்கு மேமோ மேப்பர் என்ற செயலி. இது மேப்பைச் சின்னச் சின்னச் சதுரப் படங்களாக எடுத்து வைத்துக்கொள்கிறது. ஜூமை ஒரு படி கூட்டினால் சதுரங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். 20 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் பரப்புக்கு, நிலநடுக்கோட்டுப் பக்கத்தில் 16-ஆம் படியில் ஆயிரம் சொச்சம் சதுரம், 18-ஆம் படியில் 17 ஆயிரத்தைத் தாண்டும். ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக வைத்தால் இன்னொரு தொல்லை. கார்டில் 32 கேபி துண்டுகளாக இடம் ஒதுக்கியிருந்தால் 5 கேபி படமும் 32 கேபியை விழுங்கிவிடும். அரை ஜிபி காலி! எல்லாச் சதுரத்தையும் ஒரே தரவுத்தளக் கோப்பில் போட்டால் இந்த வீணடிப்பு இல்லை. மேமோ மேப்பரின் பிந்தைய பதிப்புகள் அப்படித்தான் செய்கின்றன, அதையே போடுங்கள்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச மேப்பின் சர்வரிலிருந்து சதுரங்களை மொத்தமாக அள்ளிக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். கூடாது, அவர்கள் விதி அதைத் தடுக்கிறது. தவிர, இன்றைய இணையதளங்களின் பாதுகாப்பான (எச்டிடிபிஎஸ்) தொடர்பு முறை இந்தப் பழைய மென்பொருளுக்குப் புரியாது. அவர்களின் மேப் தரவை இறக்கி வீட்டுக் கணினியிலேயே சதுரங்களாக வரைந்து, சாதாரண எச்டிடிபி சர்வராக வைத்து, அந்த முகவரியை மேமோ மேப்பரில் கொடுங்கள். போகவேண்டிய பாதையையும் கணினியில் போட்டு ஜிபிஎக்ஸ் என்ற பாதைக் கோப்பாக ஏற்றிவிடுங்கள். அப்புறம் வழியில் இணையமே தேவையில்லை.

இப்போது வீடியோ. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதியே இதுதான். நொடிக்கு 5 லட்சம் பிட்டை வைஃபை அலட்சியமாகக் கொண்டுவரும். பிராசஸரும் ஓரளவு சமாளிக்கும். ஆனால் சுருக்கி வந்த படத்தை விரித்துத் திரைக்கு அனுப்ப வேண்டுமே! 800-க்கு 480 புள்ளி, புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 25 படம். பெருக்கிப் பாருங்கள், நொடிக்கு 19 எம்பி வருகிறது. இந்தக் கருவியில் திரையை நடத்துவது தனியான ஒரு எப்சன் சிப். பிராசஸரிலிருந்து அதற்குப் போகும் பாதை குறுகல். குழாய் எவ்வளவு வேகமாகக் கொட்டினாலும் வாய் சிறுத்த செம்புக்குள் தண்ணீர் மெதுவாகத்தானே இறங்கும். ஓமேப் 2420-க்குள் பவர்விஆர் கிராஃபிக்ஸ் பகுதி ஒன்று இருக்கிறது, அதற்கு டிரைவர் கொடுக்காமலே விட்டுவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அது.

வழி ஒன்றுதான்: வீடியோவை 400-க்கு 240 ஆகச் சுருக்குங்கள். தரவு கால் பங்காகிவிடும், ஒவ்வொரு புள்ளியையும் அகலத்திலும் உயரத்திலும் இரட்டித்துத் திரையை நிரப்பும் வேலையை அந்த எப்சன் சிப்பே பார்த்துக்கொள்ளும். நாலு அங்குலத் திரையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கணினியில் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றியை வைத்து எம்பெக்-4 வடிவத்துக்கு மாற்றி எச்டிடிபியில் விடுங்கள், இங்கே எம்பிளேயர் என்ற வீடியோ செயலியில் முகவரியைக் கொடுத்தால் ஓடும். இன்னும் அதிகமாகச் சுருக்கும் எச்.264 வடிவம் வேண்டாம், அது பிராசஸரை மூச்சுமுட்ட வைக்கும். ஒரு காலத்தில் யூடியூப்கூட இதில் ஃப்ளாஷ் வழியாக ஓடியது. 2020 டிசம்பரோடு ஃப்ளாஷே போய்ச் சேர்ந்துவிட்டது, அந்தக் கதவு மூடியாகிவிட்டது.

இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டலாமா? ஓட்டலாம், நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வைஃபையும் புளூடூத்தும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் முட்டிக்கொள்ளும். பேட்டரியும் 1500 எம்ஏஎச்தான். இதில் முழு அளவு எஸ்டி கார்டுக்கு இரண்டு இடம் உண்டு. உள்ளே இருப்பதில் மேப்பைப் போடுங்கள், வெளியே எடுக்க வசதியானதில் வீடியோவை நகலெடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஸ்ட்ரீமிங், வண்டியில் கார்டு. ஓட்டுபவர் மேப்பை மட்டும் பார்க்கட்டும், படம் பின்சீட்டுக்காரர்களுக்கு.