சிரைவழித் திரவம்: யாருக்கு, எதுவரை?

அவையோருக்கு வணக்கம். உறவினர் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்த செய்தி கேட்டால், "குளுக்கோஸ் ஏற்றுகிறார்களா?" என்றுதான் நாம் முதலில் விசாரிக்கிறோம். பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம் தொடங்கியதாக நமக்கு நிம்மதி. ரத்த அழுத்தம் இறங்கிய நோயாளியைக் கண்டதும் இளம் மருத்துவரின் கையும் பழக்கத்தால் சலைன் பாட்டிலைத்தான் தேடுகிறது. அதைத் தொங்கவிடுவதற்கு முன் அவர் விடை காண வேண்டிய இரண்டு கேள்விகளைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

திரவம் உயிர் காக்கும் என்பதில் ஐயமில்லை. 1832இல் ஸ்காட்லாந்தில் காலரா பரவியபோது, தாமஸ் லட்டா என்ற மருத்துவர் உடல் வற்றிச் சாகும் நிலையில் இருந்தவர்களின் சிரையில் உப்புநீரைச் செலுத்தி, சிலரை மீட்டுக் காட்டினார். அங்கே கணக்கு எளிது: போன நீரைத் திருப்பித் தந்தார். ஆனால் தொற்று முற்றி, செப்சிஸ் என்னும் நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரின் கணக்கு அப்படிப்பட்டதன்று. அவருடைய ரத்தக் குழாய்கள் தளர்ந்திருக்கும், அவற்றின் சுவர்கள் கசியும், சிலருக்கு இதயமே சோர்ந்திருக்கும்.

திரவம் ஏற்றுவதன் உடனடி நோக்கம், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தின் அளவைக் கூட்டுவதே. இதயத் தசை ஓரளவு விரியும்வரை, கூடுதலாக வந்து சேரும் ரத்தத்தை அது கூடுதல் விசையுடன் தள்ளும். அந்த எல்லைக்குப் பிறகு வருவது நுரையீரலிலும் குடலிலும் சிறுநீரகத்திலும் வீக்கமாகத்தான் தங்கும். நீர் நிறைந்த வயலுக்கு மடை திறப்பது போன்றது அது. தீவிர சிகிச்சையில் இருப்போரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே திரவத்தால் இதய வெளியேற்றம் (ஒரு நிமிடத்தில் இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவு) உயர்கிறது என்பது பல ஆய்வுகளின் முடிவு. அந்தப் பாதியில் நம் நோயாளி இருக்கிறாரா என்பது முதல் கேள்வி.

கழுத்துச் சிரையில் குழாய் செருகி அளக்கும் மையச் சிரை அழுத்தம் இதற்கு விடை தரும் என்று நெடுங்காலம் நம்பினோம். அந்த எண்ணை வைத்து எவருக்குத் திரவம் பயன்படும் என்று முன்கூட்டியே சொல்ல இயலாது என்பது இப்போது தெளிவாகிவிட்டது. இன்று என் மனத்துக்கு மிகவும் உகந்த சோதனை, செலவே இல்லாத ஒன்று: நோயாளியின் காலை உயர்த்திப் பார்ப்பது.

தலைப்பக்கம் 45 பாகை உயர்ந்திருக்கும் கட்டிலை, உடல் சமமாகவும் கால்கள் மேலாகவும் இருக்குமாறு சாய்த்தால், கால்களிலும் வயிற்றுச் சிரைகளிலும் தேங்கியிருக்கும் ரத்தத்தில் சுமார் 300 மில்லி இதயத்தை நோக்கி வரும். அடுத்த ஒரு நிமிடத்துக்குள் எக்கோ கருவியில் இதய வெளியேற்றம் 10 விழுக்காடோ அதற்கு மேலோ உயர்ந்தால், திரவத்துக்குப் பயன் உண்டு. உயராவிட்டால் கட்டிலை இறக்கிவிடலாம். ஏற்றிய பாட்டிலை அப்படித் திரும்ப எடுக்க முடியாது. காலைக் கையால் பிடித்துத் தூக்கக் கூடாது, கட்டிலைத்தான் அசைக்க வேண்டும்; வலியோ இருமலோ நாடியை விரைவுபடுத்தி நம்மை ஏமாற்றிவிடும். ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் போதாது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு மூச்சுக்கு மூச்சு மாறும் நாடி அழுத்தத்தை, அதாவது ரத்த அழுத்தத்தின் மேல், கீழ் எண்களுக்கு இடையிலான வேறுபாட்டை, கணக்கிடும் முறையும் உண்டு. ஆனால் நோயாளி தானாக மூச்சு இழுத்தாலோ துடிப்பு ஒழுங்கு தவறினாலோ அது பொய் சொல்லும்.

இரண்டாவது கேள்வி பலரும் மறப்பது: இவருக்குத் திரவம் உண்மையிலேயே தேவையா? இந்த அரங்கில் நலமாக அமர்ந்திருக்கும் நம்மில் பெரும்பாலோரின் காலை உயர்த்தினாலும் இதய வெளியேற்றம் கூடும். அதற்காக நமக்கு யாரும் பாட்டில் மாட்டுவதில்லை. உறுப்புகளுக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கு அடையாளம் வேண்டும். விரல் நுனியை 10 வினாடி அழுத்தி விட்டால், வெளுத்த இடம் 3 வினாடிக்குள் சிவக்காமல் இருப்பதும் அத்தகைய அடையாளமே. 2019இல் வெளியான ஆண்ட்ரோமெடா-ஷாக் ஆய்வில், ரத்த ஓட்டம் போதாதபோது ரத்தத்தில் கூடும் லாக்டேட் என்னும் பொருளின் அளவைப் பின்பற்றி நடந்த சிகிச்சைக்கு இந்த எளிய சோதனையைப் பின்பற்றிய சிகிச்சை சளைக்கவில்லை.

இவ்வளவு தயக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் 3,141 குழந்தைகளிடம் நடந்து 2011இல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வை எடுத்துச் சொல்வேன். கடும் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவும் இருந்த குழந்தைகளுக்கு விரைவாகத் திரவம் செலுத்திய பிரிவுகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தோர் 10.5 விழுக்காட்டுக்கும் சற்று மேல். அவ்வாறு செலுத்தாத பிரிவில் 7.3. அந்த மருத்துவமனைகளில் வென்டிலேட்டர் வசதி அரிது, குழந்தைகளில் பலருக்கு மலேரியாவும் ரத்தசோகையும் இருந்தன என்பதால், இம்முடிவை எல்லா இடத்துக்கும் அப்படியே பொருத்த முடியாதுதான். ஆயினும், திரவத்தால் கெடுதல் வராது என்ற நம் நம்பிக்கையை அது அசைத்துவிட்டது.

நிறுத்தும் நேரமும் இதே அளவு முக்கியம். நம் ஊர்களுக்கு நன்கு பழக்கமான டெங்குவில், குழாய்களிலிருந்து நீர் கசிவது 24 முதல் 48 மணி நேரம் வரைதான். பிறகு கசிந்த நீர் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பும். அப்போதும் பழைய வேகத்திலேயே டிரிப் ஓடினால் நுரையீரல் நிறைந்து மூச்சு திணறும். ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) இறங்கி, நாடியும் சீராக இருந்து, சிறுநீரும் நன்றாகப் பிரிந்தால் டிரிப்பைக் குறைத்து நிறுத்த வேண்டும். அதே ஹெமடோக்ரிட் இறங்கும்போது நாடி மெலிந்து விரைந்தால், உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று ஐயுற்று, சலைனை நம்பியிராமல் ரத்தத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.