மிட்டாய் அல்ல, சோறு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் என் வணக்கம்.

'அன்பும் குடும்பமும் பேசும் ஷோஜோ மாங்கா வெறும் மிட்டாயா, சத்துள்ள சோறா?' என்பது தலைப்பு. ஷோஜோ மாங்கா என்றால் ஜப்பானில் பதின்வயதுப் பெண்களை மனதில் வைத்து வரையப்படும் படக்கதை. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர், "அதில் எல்லாரும் நல்லவர்கள், நாலு சொட்டுக் கண்ணீர் விட்டால் எல்லாம் சரியாகிவிடும், நாக்கில் கரைந்துபோகிற மிட்டாய்" என்றார். சரி, ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். நட்சுகி தகாயா வரைந்த 'ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்'. 1998 முதல் 2006 வரை 'ஹனா தோ யுமே' இதழில் தொடராக வந்து, 23 பாகங்களில் முடிந்த கதை.

அது எங்கே தொடங்குகிறது தெரியுமா? ஒரு கூடாரத்தில். தோரு ஹோண்டா பள்ளியில் படிக்கிற பெண். அப்பா எப்போதோ இறந்துபோனார். அம்மா விபத்தில் இறந்துவிட்டார். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று காட்டுக்குள் தனியாகக் கூடாரம் போட்டுத் தங்குகிறாள். பள்ளி விட்டதும் ஒரு கட்டடத்தில் துப்புரவு வேலை. ஒரு நாள் மண் சரிந்து அந்தக் கூடாரமும் புதைந்துபோகிறது. உள்ளே அம்மாவின் படம் இருக்கிறதே என்றுதான் அவள் பதறுகிறாள். பக்கத்தில் வசிக்கும் சோமா குடும்பத்தார் அவளைத் தங்கள் வீட்டில் தங்க வைக்கிறார்கள்.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு சாபம். சீன ராசிச் சக்கரத்தின் 12 விலங்குகளும், அதில் இடம் கிடைக்காமல் போன பூனையும் அவர்களில் சிலர்மேல் ஏறியிருக்கின்றன. எதிர்பாலினத்தவர் கட்டியணைத்தால் விலங்காக மாறிவிடுவார்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் பெற்ற தாய் மகனை மார்போடு அணைக்க முடியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். முயலாக மாறும் மோமிஜியின் தாய்க்கு அதைத் தாங்க முடியவில்லை. அப்படி ஒரு பிள்ளையைப் பெற்ற நினைவையே தன்னிடமிருந்து அழிக்கச் சொல்கிறாள். அவள் சொல்வதைப் பையன் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறான். பிறகு அவனை எதிரில் பார்த்தாலும், யாரோ வீட்டுப் பிள்ளை என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறாள். அவனோ, எவ்வளவு வலித்தாலும் எந்த நினைவையும் விடமாட்டேன் என்கிறான். அந்த அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் படிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

'சோறு' என்று நான் சும்மா சொல்லவில்லை. கதையின் பெயரே குழந்தைகள் விளையாட்டு ஒன்றின் பெயர். ஆளுக்கு ஒரு பழத்தின் பெயர் கொடுப்பார்கள், பெயரைக் கூப்பிட்டால் எழுந்து ஓட வேண்டும். சிறுவயதில் தோருவுக்கு மட்டும் வேண்டுமென்றே 'ஓனிகிரி' என்று பெயர் வைத்தார்கள். சோற்று உருண்டை! பழக்கூடையில் சோற்று உருண்டையை யார் கூப்பிடுவார்கள்? அந்தக் குழந்தை காத்துக்கொண்டே இருந்தது.

வளர்ந்தபின் அதே சோற்று உருண்டையை வைத்துத்தான் அவள் சோமா குடும்பத்துப் பையன் கியோவிடம் பேசுகிறாள். ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் உமேபோஷி ஒட்டியிருக்கிறது என்கிறாள். உப்பிட்டு உலர்த்திய புளிப்புக் காய் அது, நம் ஊறுகாய் மாதிரி. முதுகில் இருப்பதால் தன்னுடையது தனக்குத் தெரியாது, அடுத்தவருடையது மட்டும் கண்ணில் படும், அதனால் பொறாமைப்படுகிறோம். "உன் முதுகில் இருப்பது எனக்குத் தெரிகிறது" என்கிறாள்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இதைப் படித்த அன்று இரவு, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து தோள்பட்டைக்குக் கீழே விரலை வைத்தாள். "அம்மா, இங்க ஒண்ணு இருக்கு. உனக்குத் தெரியாது" என்றாள். என்னவென்று கேட்டேன், சொல்லவில்லை. ஈரக்கையோடு அப்படியே நின்றேன்.

எதிரணித் தோழரின் 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற பேச்சுக்கு வருகிறேன். கியோமேல் பூனையின் சாபம். அவன் கையில் எப்போதும் ஒரு மணிக்கங்கணம் இருக்கும். அது கழன்றால் கோரமான, துர்நாற்றம் வீசும் உருவம் வெளியே வந்துவிடும். "எனக்குப் பயமில்லை, உனக்காக உயிரையும் கொடுப்பேன்" என்று சொல்லித்தான் அவன் தாய் அவனை வளர்த்தாள். சொல்லிக்கொண்டே, நாளுக்குப் பல தடவை கங்கணம் கையில் இருக்கிறதா என்று பார்த்தாள். பிள்ளைக்குப் புரியாமல் இருக்குமா?

அந்த உருவம் வெளியே வந்த இரவில், கொட்டும் மழையில் தோரு அவன் பின்னால் ஓடுகிறாள். பயமில்லை என்று அவள் சொல்லவில்லை. பயமாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறாள். நடுங்கிக்கொண்டே அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொள்கிறாள். பொய் சொல்லாத அன்பு இது. இதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்று, நோயாளி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

நடுவர் அவர்களே, அந்த மழையில் அவள் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வழக்கம்போல ஒன்றாகச் சாப்பிட வேண்டும், ஒன்றாகப் படிக்க வேண்டும், கவலை வந்தால் சொல்லிக்கொள்ள வேண்டும், ஒரே வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள். முதலில் கேட்டது சாப்பாடு. நான் அந்தச் சோற்றின் பக்கம் நிற்கிறேன்.

நன்றி, வணக்கம்.