ஓவலில் ஆறு கோல்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

பிரிட்டிஷ் கால்பந்தின் ஆரம்ப காலத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர்கள் எல்லோரும் கேட்டது அந்த 36 கோல் ஆட்டத்தைத்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1885 செப்டம்பர் 12. ஸ்காட்டிஷ் கோப்பைக்கான ஆட்டத்தில் ஆர்புரோத் அணி பான் அக்கார்டு அணியை 36-0 என்று வென்றது. ஜான் பெட்ரி என்ற இளைஞர் மட்டும் 13 கோல் போட்டார். ஆர்புரோத் கோல்கீப்பருக்கு அன்று வேலையே இல்லை. ரசிகர் ஒருவரின் குடைக்குள் ஒதுங்கி நின்றாராம். அதே நாளில் டண்டீ ஹார்ப் அணியும் 35-0 என்று வென்றது என்பதுதான் பெரிய வியப்பு.

இவையெல்லாம் சாதனைப் பட்டியல்களில் தவறாமல் இருக்கும். நான் பேச வந்தது, வரலாறு நெடுங்காலம் மறந்துபோயிருந்த இருவரைப் பற்றி.

1881 மார்ச் 12, லண்டன் ஓவல் மைதானம். கிரிக்கெட்டுக்குப் பேர்போன அதே ஓவல்தான். 1872இல் இங்கிலாந்துக் கழகங்களுக்கான எஃப்.ஏ. கோப்பையின் முதல் இறுதி ஆட்டமும் அங்கேதான் நடந்தது. அன்று இங்கிலாந்துக்கு எதிராக ஸ்காட்லாந்து அணியை நடத்திய கேப்டன் ஆண்ட்ரூ வாட்சன், வயது 24. பிரிட்டிஷ் கயானாவில் பிறந்தவர். தந்தை ஸ்காட்லாந்துக்காரர், தாய் கயானாவின் கறுப்பினப் பெண். சர்வதேசக் கால்பந்தில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவரே. முதல் ஆட்டத்திலேயே கேப்டன்!

அந்த நாளில் இங்கிலாந்து வீரர் பந்து கிடைத்தால் தன் காலிலேயே வைத்துக்கொண்டு முன்னேறுவார். பறிபோனால் மற்றவர் பார்த்துக்கொள்வார். வாட்சன் ஆடிய கிளாஸ்கோ குயின்ஸ் பார்க் கழகத்தினரோ பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொடுத்து ஆடினார்கள். இன்று உலகம் முழுவதும் ஆடுவது அந்த ஆட்டத்தைத்தான். ஓவலில் அது பலித்தது. ஜான் ஸ்மித் மூன்று கோல் போட, ஸ்காட்லாந்துக்கு 6-1 வெற்றி. சொந்த மண்ணில் இங்கிலாந்து கண்ட மிகப் பெரிய தோல்வி இன்றும் அதுவே.

இரண்டு நாள் கழித்து வேல்ஸை 5-1, அடுத்த ஆண்டு மீண்டும் இங்கிலாந்தை 5-1. வாட்சன் நாட்டுக்காக ஆடியது இந்த மூன்று ஆட்டங்கள்தான், மூன்றும் வெற்றி. பிறகு லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். ஸ்காட்லாந்தில் இருப்பவர்களை மட்டுமே தேர்வு செய்வது அன்றைய வழக்கம். கதவு மூடிவிட்டது. அந்த 1881 அணியின் புகைப்படம் ஒன்று இருக்கிறது. வளையக் கோடு போட்ட சட்டையுடன் பின்வரிசையின் நடுவில் நிற்கிறார் வாட்சன். அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முதலில் கண் போவது அவர் முகத்துக்குத்தான். அப்படியிருந்தும் அவரை விட்டுவிட்டு, பின்னால் வந்த ஆர்தர் வார்ட்டனையே முதல் கறுப்பின வீரர் என்று பல காலம் எண்ணியிருந்தார்கள்.

வார்ட்டனும் சாதாரணமானவர் அல்ல. இன்றைய கானாவின் அக்ரா நகரில் 1865இல் பிறந்தவர். 1886இல் லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் நடந்த தடகளப் போட்டியில் 100 கெஜத்தை 10 நொடியில் ஓடி வென்றார். அந்தக் கால்களை வைத்துக்கொண்டு அவர் ஆடியது கோல்கீப்பராக! பள்ளி நாளில் கோல் கம்பத்தினடியில் நின்றவன் நான். அதனால் அவர்மேல் எனக்குத் தனிப் பற்று. ஒரு ஆட்டத்தில் எகிறிக் குறுக்குக் கம்பியைப் பிடித்துத் தொங்கி, வந்த பந்தைக் கால்களுக்கிடையே இறுக்கிக்கொண்டாராம். பாய்ந்து வந்த மூன்று முன்கள வீரர்கள் கோலுக்குள்ளேயே போய் விழுந்தார்களாம். கண்ணால் கண்ட ரசிகர் ஒருவர் பல ஆண்டுகள் கழித்து ஒரு செய்தித்தாளுக்கு எழுதியது இது.

பிரஸ்டன் நார்த் எண்ட் அணிக்கும் வார்ட்டன் ஆடினார். 1888-89இல் அந்த அணி 22 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் முதல் லீக் பட்டத்தை வென்றது. அதற்குள் அவர் விலகியிருந்தார். 1889இல் ராதர்ஹாம் டவுன் அணியில் சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறை வீரரானார். உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரர் அவர்தான்.

ஆட்டம் ஓய்ந்த பிறகு யார்க்‌ஷயர் நிலக்கரிச் சுரங்கத்தில் கூலி வேலை. 1930இல் இறந்தபோது எட்லிங்டன் இடுகாட்டில் புதைத்தார்கள். கல் வைக்கவில்லை. 1997இல்தான் அந்த மண்ணின்மேல் அவர் பெயர் பொறித்த கல் ஒன்றை நட்டார்கள்.

நன்றி, வணக்கம்.